கூட்டாளியும் தோழனும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் வரலாறு காட்டும் நட்பிலக்கணம்

தொழில் வரலாறு எழுதுவோர் இயந்திரங்களைப் பற்றி எழுதுவர். மூலதனத்தைப் பற்றி எழுதுவர். சந்தை நிலவரத்தையும் அரசின் கொள்கைகளையும் ஆராய்வர். ஒருவர் மற்றொருவரை நம்பி, சீட்டு எதுவும் எழுதிக்கொள்ளாமல் ஒரு மூட்டை நூலைக் கொடுத்தனுப்பிய செய்தியை எந்த ஆவணத்திலும் காண்பதரிது. ஆனால் சில ஊர்களின் தொழில் வளர்ச்சி, கண்ணுக்குப் புலப்படாத அந்த நம்பிக்கையைக் கணக்கில் கொள்ளாவிட்டால் விளங்காப் புதிராகவே நின்றுவிடும். அத்தகைய ஊர்களுள் திருப்பூர் முதன்மையானது.

பரம்பரையாகப் பெருஞ்செல்வம் சேர்த்த ஆலை முதலாளிகள் அங்குத் தொழிலைத் தொடங்கவில்லை; அருகில் துறைமுகம் இல்லை; சாயத் தொழிலுக்குப் போதிய தண்ணீர்கூட இல்லை. இருந்தும் இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கை அவ்வூர் தனதாக்கிக்கொண்டது. அந்த வெற்றிக்கு அடித்தளமாக நின்ற தோழமையின் இயல்பு என்ன, அது எந்தச் சிக்கல்களைத் தீர்த்தது, எவ்விடத்தில் தவறியது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தவறிய இடத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உண்மை நட்பின் இலக்கணம் நமக்குத் துலங்கும்.

பருத்திச் சந்தையில் ஒரு புது இயந்திரம்

1860களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை திருப்பூரைத் தொட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்கு நாட்டின் கிணற்றுப் பாசன நிலங்களில் கம்போடியாப் பருத்தி பரவியது. இவ்விரண்டும் சேர்ந்து நொய்யல் கரையிலிருந்த சிற்றூரைப் பருத்திச் சந்தையாக மாற்றின. ஜின்னிங் ஆலைகள் எழுந்தன. 1920களில் கதர் இயக்கம் வலுப்பெற்றபோது, அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழகப் பணிகளுக்குத் திருப்பூரே தலைமையிடமாயிற்று. 1932 சனவரியில் கொடியேந்திச் சென்று தடியடிபட்டு உயிர்நீத்த குமரனின் பெயரோடு அவ்வூர் விடுதலை வரலாற்றிலும் இடம்பெற்றது.

கைராட்டையின் ஊராக அறியப்பட்ட அவ்விடத்தில் பின்னல் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுவிய முன்னோடிகளாகக் குலாம் காதர், சத்தார் ஆகிய இரு முஸ்லிம்களின் பெயர்கள் குறிக்கப்படுகின்றன. அன்று பனியன் தொழிலுக்குக் கல்கத்தாவே தாயகம். அங்கிருந்து இயந்திரம் வந்தது. 'பேபி நிட்டிங்' என்னும் பெயரில் தொழிற்கூடம் தொடங்கிற்று. இதன் ஆண்டை 1925 என்று குறிப்போரும் உண்டு. 1930களின் நடுப்பகுதி என்று கொள்வோரும் உண்டு. எவ்வாறாயினும் திருப்பூரின் பனியன் வரலாறு அந்தத் தொழிற்கூடத்திலிருந்தே தொடங்கப்படுகிறது. இன்றும் பனியன் வணிகத்தின் சில்லறை, மொத்தக் கடைகள் நெருங்கி நிற்கும் பகுதி காதர்பேட்டை என்றே வழங்குகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தறி நெசவுக்குப் பாவு வேண்டும், ஊடு வேண்டும், பாவு ஓட்ட இடமும் ஆள்களும் வேண்டும். வட்டப் பின்னல் இயந்திரமோ நூலைக் கண்ணிகளாகக் கோத்துக் குழாய் வடிவத் துணியாக இறக்கிவிடும். ஒரு சிறு கொட்டகையும் சில தொழிலாளரும் போதும். பெரிய நெசவாலை வைக்க இயலாதவருக்கும் துணி உற்பத்தியில் இடம் உண்டு என்பதை அந்த இயந்திரம் காட்டியது. எட்டாத பெருமுதலுக்கு ஏங்கி நிற்காமல், கையிலிருக்கும் சிறுமுதலுக்கு ஏற்ற கருவியைத் தேடிக் கண்டதே திருப்பூர் கண்ட முதல் தீர்வு.

கூட்டு என்னும் கண்டுபிடிப்பு

தொடக்ககாலப் பனியன் கம்பெனிகளைப் பல சமூகத்தவரும் நடத்தினர். அவற்றில் கூலிக்கு வேலை பார்க்கச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வேளாண் குடும்பத்து இளைஞர்கள் வந்தனர். அவர்களுள் கொங்கு வேளாளக் கவுண்டர்கள் மிகுதி. மானாவாரி நிலமும் வற்றிய கிணறும் அவர்களை ஊருக்குள் துரத்தின. 1960களிலிருந்து அத்தொழிலாளருள் ஒரு பகுதியினர் தாமே முதலாளிகளாயினர். இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்த ஷரத் சாரி, 2004இல் வெளிவந்த தம் நூலில் இதற்குச் 'சகோதர மூலதனம்' என்னும் கருத்துப்படப் பெயரிட்டார்.

தொழிலாளி முதலாளியாவது எவ்வாறு இயன்றது? வங்கிக் கடனுக்கு ஈடு காட்ட அவர்களிடம் பெருஞ்சொத்து இல்லை. அவர்கள் கண்ட வழி கூட்டு. பின்னல் இயந்திரத்தின் ஊசி முறிந்தால் ஓசையிலேயே கண்டுபிடிக்கத் தெரிந்தவர் ஒருவர். வெட்டும் தையலும் அறிந்தவர் மற்றொருவர். நூல் கடைக்காரரிடம் நற்பெயர் உள்ளவர் ஒருவர். நிலத்தையோ வீட்டுப் பெண்களின் நகையையோ விற்றுப் பணம் கொணர்பவர் ஒருவர். இவர்கள் ஒன்றுசேர்ந்தால் ஒரு கம்பெனி உருவாகும். தனித்தனியே நின்றால் நால்வரும் கூலிகளே.

இக்கூட்டு கம்பெனிக்குள் மட்டும் நிற்கவில்லை. ஓர் ஆடை உருவாகப் பின்னல், சலவை, சாயம், வெட்டு, தையல், சரிபார்ப்பு, இஸ்திரி, பொதிவு எனப் பல கட்டங்கள் உண்டு. இவை அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் நடத்தப் பெரும்பணம் வேண்டும். திருப்பூர் அவற்றைப் பிரித்துப் பல சிறு பட்டறைகளிடம் ஒப்படைத்தது. ஒருவர் இறக்கிய துணி சலவைப்பட்டறைக்கும் சாயப்பட்டறைக்கும் பவர் டேபிள்களுக்கும் பயணம் செய்து மீண்டு வரும். ஊர் முழுவதுமே ஒரே தொழிற்சாலை, தெருக்களே அதன் நடைக்கூடங்கள் என்னுமாறு அமைந்தது. இடையில் ஒருவர் தவறினாலும் அடுத்தவர் கையில் வேலையிராது. ஆதலால் சொன்ன நாளில் சொன்ன வேலையை முடித்துத் தருபவன் என்னும் பெயரே அங்குப் பெருமுதலாயிற்று. சனிக்கிழமை கூலி கொடுக்கப் பணம் குறைந்தால், பக்கத்துக் கம்பெனியில் நாலு நாள் கைமாற்று வாங்குவதும், அவருக்கு முடை வந்தபோது தாம் கொடுப்பதும் எழுதப்படாத விதியாக இருந்தன.

1978இல் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர், மும்பை ஏற்றுமதியாளர் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளை டீ-சர்ட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தார். உள்நாட்டுப் பனியனோடு நின்றிருந்த ஊருக்கு உலகச் சந்தை திறந்தது. வியப்பென்னவெனில், இத்தாலியின் பிராத்தோ, கார்ப்பி போன்ற நகரங்களும் இவ்வாறே சிறு பட்டறைகளின் கூட்டுறவால் துணித்தொழிலில் ஓங்கியவை. ஆயிரக்கணக்கில் வரும் ஆர்டரைத் தனியொரு கம்பெனி ஏற்க இயலாதபோது, பத்துப் பட்டறைகள் பகிர்ந்து செய்தன. 1985இல் 20 கோடி ரூபாயைத் தொடாதிருந்த ஏற்றுமதி, 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டியது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கமும் அமைந்தது.

மதீனாவின் சந்தையும் சட்ட நூல்களின் சாயக்காரரும்

தோழமையால் வாழ்வுச் சிக்கலைத் தீர்த்த வரலாறு நமக்குப் புதிதன்று. மக்காவில் அனைத்தையும் விட்டு மதீனா வந்த முஹாஜிர்களை அன்சாரிகளோடு இணைத்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சகோதரத்துவம் ஏற்படுத்தினார்கள். அன்சாரிகளுள் செல்வரான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவரை வாழ்த்திவிட்டு, சந்தைக்கு வழி காட்டுமாறு மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தையில் உலர்ந்த பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள் என்பது புகாரீயில் பதிவான செய்தி.

இந்நிகழ்ச்சியில் இரண்டு நண்பர்களின் பெருமையும் அடங்கியிருக்கிறது. ஒருவர் பாதியைத் தரத் துணிந்தார். மற்றவர் அந்தத் துணிவைச் சுரண்டாமல் விட்டார். கொடுப்பவனின் தாராளமும் பெறுபவனின் கண்ணியமும் சேரும்போதே நட்பு நிலைக்கும். ஒன்று குறைந்தாலும் அது தயவாகவோ சுமையாகவோ மாறிவிடும். கைமாற்று வாங்கியவர் சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பதும் இதே கண்ணியத்தின் சிறு வடிவமே.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் கூட்டு வணிகத்தை நுணுகி ஆராய்ந்தனர். முதல் ஒருவருடையதும் உழைப்பு ஒருவருடையதுமான முளாரபா, இருவரும் முதலிடும் ஷிர்கத் ஆகியன நாம் அறிந்தவை. இவற்றோடு, முதலே இல்லாதவர்கள் தம் உழைப்பை மட்டும் கொண்டு சேரும் கூட்டையும் ஹனஃபி அறிஞர்கள் ஏற்றனர். அதற்கு 'ஹிதாயா' போன்ற நூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு யார் தெரியுமா? தையற்காரரும் சாயக்காரருமே! இவ்வகைக் கூட்டில் ஒருவர் ஏற்றுக்கொண்ட வேலைக்கு மற்றவரும் பொறுப்பாவார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபோ இதை ஏற்கவில்லை. ஒவ்வொருவரின் உழைப்பும் எவ்வளவு என அளவிட இயலாததால் வழக்கு நேரும் என்பது அவர்களின் கவலை. ஒரு தரப்பு ஏழையின் கைத்திறனுக்கும் மதிப்புக் கொடுத்தது. மறுதரப்பு நாளை எழக்கூடிய மனக்கசப்பைத் தடுக்க முயன்றது. திருப்பூரின் கூட்டுக் கம்பெனிகள் இணைந்ததும் பிரிந்ததும் இவ்விரு கருத்துகளுக்கும் ஒருங்கே சான்றாகின்றன. கணக்கைப் பேசாமல் நட்பை மட்டும் பேசிய கூட்டு நீடிப்பதில்லை.

ஆகவேதான் நம் மரபு நட்புக்குக் கணக்கைப் பகையாகக் கருதவில்லை. நபித்துவத்திற்கு முன் தம்முடன் வணிகக் கூட்டாளியாயிருந்த நபி (ஸல்) அவர்கள், எதையும் மறைக்காமலும் வாதாடாமலும் நடந்துகொண்டதாக ஸாயிப் (ரலி) நினைவுகூர்ந்தார்கள். இரு கூட்டாளிகளுள் ஒருவர் மற்றவருக்குத் துரோகம் செய்யாதவரை இறைவன் மூன்றாமவனாக அவர்களுடன் இருக்கிறான் என்னும் கருத்தை ஹதீஸ் தருகிறது. கூட்டாளிகளுள் பலர் ஒருவர்மீதொருவர் அத்துமீறுகின்றனர் என்பதை 'ஸாத்' அத்தியாயம் தாவூத் (அலை) அவர்களின் வரலாற்றினூடே எச்சரிக்கிறது. கூட்டு என்பது அருளுக்குரிய இடம். அதுவே சோதனைக்குரிய இடமும் ஆகும்.

வட்டத்துக்கு வெளியே நின்றவர்

இதுவரை கண்டது நட்பின் வெளிச்சம். அதன் நிழலையும் நேர்மையோடு காண வேண்டும்.

உறவும் சாதியும் தாங்கிநின்ற நம்பிக்கை, அந்த வட்டத்துக்குள் பிறந்தவனுக்கு எளிதில் கிட்டியது. வெளியிலிருந்து வந்தவனுக்கு எளிதில் கிட்டவில்லை. பொருளியலறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இதனை எண்களால் காட்டிற்று. உள்ளூர்ச் சமூகத்தவர் கணிசமாகக் கூடுதலான முதலோடு தொழில் தொடங்கினர். வெளியார் குறைந்த முதலோடு தொடங்கினர்; ஆயினும் அவர்களின் உற்பத்தி விரைவாக வளர்ந்து சில ஆண்டுகளில் உள்ளூராரை முந்தியது. அவ்வாறு முந்திய பின்னரும் அவர்களிடமிருந்த முதல் குறைவாகவே இருந்தது. திறமை இருந்த இடத்திற்குப் பணம் செல்லவில்லை. பழக்கம் இருந்த இடத்திற்கே சென்றது.

தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலும் இதே சுவர் எழுந்தது. முன்பு ஒரே இயந்திரத்தருகே நின்றவர்கள் 1984இல் பஞ்சப்படி கோரிய 127 நாள் வேலைநிறுத்தத்தில் எதிரெதிரே நின்றனர். தைப்பதிலும் சரிபார்ப்பதிலும் பெரும்பங்கு வகித்த பெண்கள் கூட்டாளிகளாக ஏற்கப்பட்டது அரிது. கூட்டுக்கு முதலான நகை அவர்களுடையதாக இருந்தபோதும் பெயர்ப்பலகையில் அவர்கள் இல்லை. மூன்றாண்டு வேலையின் முடிவில் மொத்தத் தொகை தருவதாகக் கூறி, இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளில் வைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' இவ்வட்டாரத்திற்குக் கெட்டபெயர் தேடித் தந்தது. பின்னர் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்களுக்கும் கைமாற்று கொடுக்கும் அண்டை வீட்டார் எளிதில் அமையவில்லை.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. தன்னவருக்குள் மட்டும் விசுவாசமாக இருப்பதை நட்பு என்பதா, கட்டு என்பதா? இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கட்டாயத்தை ஊருக்கு உண்டாக்கியது நொய்யல்.

நொய்யல் கேட்ட கணக்கு

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு நொய்யல். பருத்தித் துணியில் சாயம் பற்ற உப்பு வேண்டும். சாயமேற்றியபின் அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொடக்கத்தில் நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பை நீக்க அவற்றால் இயலவில்லை. ஆற்றில் தெளிந்தது போல் ஓடிய நீரே கிணறுகளையும் வயல்களையும் உவராக்கியது. சென்னிமலை அருகே பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணை, உழவருக்கு நீர் தருவதற்கு மாறாகச் சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் ஏரியாயிற்று.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் கப்பல் உவமையை இங்கு நினையாமல் இருக்க இயலாது. ஒரே கப்பலின் மேல்தளத்தில் சிலரும் கீழ்த்தளத்தில் சிலரும் இருந்தனர். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே சென்று பிறரைத் தொந்தரவு செய்வானேன் என்று எண்ணித் தங்கள் பகுதியிலேயே துளையிட நினைத்தனர். அவர்களின் எண்ணத்தில் தீமை இல்லை. தம் சிக்கலுக்கு எளிய தீர்வைத்தான் தேடினர். ஆனால் மேலே இருந்தவர்கள் கைபிடித்துத் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவர். தடுத்தால் அனைவரும் தப்புவர். சாயநீரை ஆற்றில் விட்டதும் சொந்தப் பகுதியில் இட்ட துளையே. துளையிட்டவர் பகைவர் அல்லர். பலருடைய நண்பர், உறவினர், ஊரார். அதனாலேயே தடுக்க வேண்டியவர்கள் நெடுங்காலம் தயங்கினர்.

அநீதி இழைப்பவனாயினும் இழைக்கப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்னும் பொருளில் நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அநீதி இழைப்பவனுக்கு எவ்வாறு உதவுவது எனத் தோழர்கள் வியந்தனர். அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது அதற்குக் கிடைத்த விளக்கம். நட்பைப் பற்றிய நம் கருத்தையே மாற்றிவிடும் சொல் இது. திருப்பூரில் அந்தத் தடுப்பு நண்பர்களிடமிருந்து வரவில்லை, நீதிமன்றத்திலிருந்து வந்தது. நொய்யல் பாசன உழவர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது; 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது; அதன் பின்னரும் நிலைமை மாறாததால், 2011 சனவரி 28ஆம் நாள் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. வெளியூர்த் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். உரிய காலத்தில் ஒரு தோழன் சொல்லியிருக்க வேண்டிய கசப்பான சொல்லுக்கு ஊர் முழுவதும் விலை கொடுத்தது.

உப்பைத் திரும்பப் பெற்ற கதை

அந்த முட்டுச்சந்திலிருந்து ஊர் மீண்ட விதம் நம் ஆய்வுக்கு முக்கியமானது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாமை என்பது நீதிமன்றம் வைத்த நிபந்தனை. சவ்வூடு பிரிப்பு முறையில் நன்னீரைப் பிரித்தெடுத்தால் அடர்ந்த உப்புநீர் எஞ்சும். அதைக் காய்ச்சி வற்றச்செய்யும் செலவு பட்டறைகளை விழுங்கிவிடும். அப்போது பயனுக்கு வந்த எண்ணம் எளிமையானது. சாயமேற்ற உப்பு வேண்டும். கழிவில் உப்பு இருக்கிறது. எனில் அதைத் தூய்மைப்படுத்தி உப்புநீராகவே சாயத்தொட்டிக்குத் திருப்பி அனுப்பினால் என்ன? அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இம்முறை செயல்படுத்திக் காட்டப்பட்டது. மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனும் வழங்கியது. நேற்றுவரை நஞ்சாயிருந்தது இன்று மூலப்பொருளாயிற்று.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் அமைப்பையும் நோக்க வேண்டும். அது உறுப்பினரான சாயப்பட்டறைகளின் கூட்டு நிறுவனம். ஒருவர் அளவுக்கு மீறி அனுப்பினால் அனைவருடைய நிலையமும் தடுமாறும். ஒருவர் களவாக ஓடையில் விட்டால் அனைவரும் குற்றவாளிகளாவர். ஆகவே அளவுமானி வைத்து ஒருவரையொருவர் கண்காணிக்க வேண்டியதாயிற்று. முன்பு கண்காணிப்பு நட்புக்கு இழுக்காகத் தோன்றியது. இப்போது அதுவே நட்பைக் காக்கும் வேலியாயிற்று. ஹனஃபி நூல்கள் சொன்னவாறு, ஒருவரின் செயலுக்கு மற்றவரும் பொறுப்பு என்னும் நிலை குழாய்களின் வடிவில் ஊருக்குள் வந்தது. தீர்வு முழுமையுற்றது என்று சொல்லிவிட இயலாது. கலப்பு உப்பும் கசடும் பாரமாகக் குவிகின்றன. உவரேறிய வயல்கள் பழைய நிலைக்கு மீளப் பல்லாண்டுகள் வேண்டும்.

நட்பின் இலக்கணம்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் சகோதரத்துவத்தின் கடமைகளை விரித்துரைக்கும்போது, செல்வத்தைப் பகிர்வதில் மூன்று படிகளைக் காட்டுகிறார்கள். தன் தேவைக்கு மிஞ்சியதைக் கொடுப்பது முதற்படி. தன்னோடு சமமாகக் கருதிப் பகிர்வது இரண்டாம் படி. தன்னைவிட அவனை முற்படுத்துவது மூன்றாம் படி. செல்வத்தோடு நில்லாமல், குறையைத் தனிமையில் எடுத்துரைப்பதையும் கடமையாக அவர்கள் வைத்தார்கள். திருவள்ளுவரும் நட்புக்கு அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், நட்பை ஆராய்தலுக்கும் தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். நட்பு தானாகவே நன்மையாகிவிடாது. ஆராய்ந்து, திருத்தி, காக்கப்பட வேண்டியது என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

திருப்பூரின் ஒரு நூற்றாண்டு இதற்கு உரை எழுதியிருக்கிறது. சிறுமுதலினர் ஒருவர் கையை ஒருவர் பற்றியபோது இல்லாமை என்னும் சிக்கல் தீர்ந்தது. பற்றிய கைகள் வட்டமாகி வெளியாரை மறித்தபோது திறமை வீணாயிற்று. தவறு செய்யும் கையைத் தோழமையின் பெயரால் பிடிக்காமல் விட்டபோது ஆறு நஞ்சாயிற்று. பிடிக்க வேண்டிய கட்டாயம் வந்தபோதோ, அதுவரை எவருக்கும் முதன்மையாகத் தோன்றாத தீர்வு தோன்றியது.

உடை நழுவும்போது கை தானே விரைந்து பற்றுவதை நட்புக்கு உவமையாகச் சொன்னார் வள்ளுவர். உலகுக்கே உடை தைத்து அனுப்பும் ஊர் அந்த உவமையை இன்னும் ஒரு படி நீட்டிப் பொருள்கொள்ள வேண்டியிருக்கிறது. நழுவும் உடை நண்பனுடையதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கீழ்க்கரையில் கிணறு உவர்த்துப்போன உழவனுடையதாகவும், விடுதியில் நாள் எண்ணும் இளம்பெண்ணுடையதாகவும், மொழி தெரியாமல் வந்திறங்கிய தொழிலாளியுடையதாகவும் இருக்கலாம். அப்போதும் கை விரையுமாயின், அந்த ஊரின் கூட்டாளிகளைத் தோழர்கள் என்றும் அழைக்கலாம்.